மேல்மலையிலிருந்து தெரியும் நீதிமன்றம்

(கொடைக்கானல் மேல்மலை, போளூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தலைநகரத்துப் பழைய நீதிமன்றக் கட்டிடங்களைப் பற்றிப் பேச இந்த மலை முகட்டுக்கு ஏன் வரவேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். கோபுரத்தின் அடியில் நிற்பவருக்குக் கோபுரம் முழுதாகத் தெரியாது. எட்ட நின்று பார்க்க வேண்டும். அதற்குப் போளூர் நல்ல எட்டம். போளூர் என்றதும் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துத் தாலுகா ஊர்தான் நினைவுக்கு வருகிறது. பூம்பாறையையும் மன்னவனூரையும் தாண்டிப் பூண்டும் கேரட்டும் விளைகிற படிக்கட்டு வயல்களுக்கு நடுவே இன்னொரு போளூர் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாத ஊரிலும் வரப்புத் தகராறு வரும், பட்டா பெயர் மாறாமல் கிடக்கும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வாய்தா வாய்தாவாக இழுக்கும். அப்படி ஒரு வழக்கு இங்கே பிறந்தால் அது போக வேண்டிய பாதை நீளமானது. முதலில் கொடைக்கானலில் முன்சீப் கோர்ட். மேல்முறையீடு என்றால் வத்தலக்குண்டு வழியாக மலை இறங்கித் திண்டுக்கல். அதற்கும் மேலே மதுரைக் கிளை. கடைசியாக, இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் டெல்லி. 2004ஆம் ஆண்டுக்கு முன்பு மூன்றாவது படி மதுரையாக இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் தூரத்துச் சென்னை. கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இரவு ரயில் ஏறி, விடிய எழும்பூரில் இறங்கி, பாரிமுனை பஸ்ஸைப் பிடித்து, வக்கீல் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, பிறகு அந்தச் சிவப்புக் கட்டிடத்தில் தன் வழக்கின் எண் கூப்பிடப்படுமா என்று பார்த்துவிட்டு, அன்று கூப்பிடவில்லை என்றால் அதே இரவு ரயிலில் திரும்ப வேண்டும்.

நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். தலைநகரத்துப் பழைய நீதிமன்றக் கட்டிடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களும், நீதிமன்றம் மக்கள் இருக்கும் இடத்துக்கு வரவேண்டும் என்பவர்களும் எதிரெதிர்க் கட்சிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். முன்னவர்கள் கல்லையும் சுண்ணாம்பையும் நேசிப்பவர்கள், பின்னவர்கள் ஏழைக் கட்சிக்காரருக்காகப் பேசுபவர்கள் என்று ஒரு பாகுபாடு. இது தவறு. அந்தக் கட்டிடங்களை இன்று நெரிப்பது அவற்றின் வயதோ மழையோ மட்டும் இல்லை. ஒரு மாநிலத்தின், ஒரு தேசத்தின் வழக்கெல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்ற ஏற்பாடு அவற்றை நெரிக்கிறது. போளூர்க்காரருக்கு வழி குறைந்தால் அந்தக் கட்டிடத்துக்குப் பாரம் குறையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

சென்னைக் கட்டிடத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் சரக்கு அதிகம். சென்னை உயர் நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு பிறந்தது. அதற்கு முன்பு இங்கே இரண்டு வகை நீதி இருந்தது: நகரத்துக்கு ஆங்கிலச் சட்டப்படி 1801இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட், வெளி மாவட்டங்களுக்குக் கம்பெனியின் சதர் அதாலத். இரண்டையும் இணைத்து உருவானதே உயர் நீதிமன்றம். ஆனால் நமக்குத் தெரிந்த சிவப்புக் கட்டிடம் அப்போது இல்லை. முதல் முப்பது ஆண்டுகள் நீதிமன்றம் கடற்கரைச் சாலையில் பெண்டிங்க் கட்டிடம் என்று பெயர் பெற்ற பழைய மாளிகையில் இயங்கியது. 1892 ஜூலையில்தான் இன்றைய கட்டிடத்துக்குக் குடிபெயர்ந்தது. முதல் வரைபடம் பிராசிங்டன் போட்டது. அதைத் திருத்தி வளர்த்து முடித்தவர் ஹென்றி இர்வின். செங்கல் சுவர்கள், முகலாயக் கும்மட்டங்கள், இந்து மண்டபங்களை நினைவூட்டும் தூண்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே உடலில் பொருத்திய பாணியை இந்தோ சாரசெனிக் என்று சொல்வார்கள். உலகத்தின் இரண்டாவது பெரிய நீதிமன்ற வளாகம் என்ற பெருமையையும் நாம் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம். யார் எப்போது எந்த நாடாவால் அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. இந்தப் பெருமை இல்லாமலேயே அது பெரிய கட்டிடம்தான். அது நிற்கிற மண்ணுக்கும் ஒரு கதை உண்டு. பழைய கறுப்பர் நகரமும், அதன் நடுவே சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் இரட்டைக் கோயில்களும் இருந்த இடம் அது. 1757இல் கோட்டையின் பாதுகாப்புக்காகக் கம்பெனி கோயிலை இடித்தது. அது பிறகு பூக்கடைப் பக்கம் மறுபடி எழுந்தது. ஊரார் கூடி வழக்குப் பேசிய இடமாகக் கோயில் இருந்த காலம் போய், அதே நிலத்தில் கோர்ட் எழுந்தது.

"வெள்ளைக்காரன் நம்மை மிரட்டுவதற்காகக் கட்டியதை நாம் எதற்குப் போற்ற வேண்டும்?" இது லேசாகத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. மிரட்டும் நோக்கம் இருந்தது உண்மை. கும்மட்டம் அத்தனை உயரம் எழும்பியது கடலிலிருந்து வருகிறவன் கண்ணில் படத்தான். ஆனால் ஒரு கட்டிடத்தின் பொருளை அதைக் கட்டியவர் மட்டுமா தீர்மானிக்கிறார்? திருவாரூரில் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்குக்கு உதவியாளாகத் தொடங்கிய முத்துசாமி ஐயர், 1877இல் இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். புதிய கட்டிடம் திறந்த மறு ஆண்டே தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார். அவருடைய சிலை உள்ளேயே இருக்கிறது. வ.உ.சிக்குத் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908இல் விதித்த இரட்டை ஆயுள் தண்டனை இந்தக் கட்டிடத்தில்தான் ஆறு ஆண்டாகக் குறைந்தது. 1911இல் மணியாச்சியில் ஆஷ் துரை சுடப்பட்டபின், அந்தச் சதி வழக்கை இங்கே மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள். அவர்களுள் ஒருவரான சங்கரன் நாயர் மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை. பிறகு தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் இங்கேதான் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டார்கள்; 1947இல் இங்கேதான் விடுதலையும் ஆனார்கள். மிரட்டக் கட்டிய மண்டபத்தில் மிரளாதவர்கள் நின்று பேசிப் பேசி அதை நம்முடையதாக்கிவிட்டார்கள். வளாகத்தில் இன்று மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. இர்வின் வரைபடத்தில் அது கிடையாது.

பாகவதர் வழக்கைச் சொன்னேன். அது 1945இலிருந்து நேராக 1947க்கு வந்துவிடவில்லை. நடுவில் லண்டன் போய் வந்தது. அன்றைக்கு இந்தியாவின் கடைசி நீதிமன்றம் பிரிவி கவுன்சில். வழக்கைத் திரும்ப விசாரி என்று அது அனுப்பியதால்தான் விடுதலை வந்தது. வாசல் எத்தனை தூரத்தில் இருந்தது என்பதற்கு நம் பக்கத்து மண்ணிலேயே இதைவிடப் பெரிய சான்று உண்டு. கொடைக்கானலும் திண்டுக்கல்லும் அடங்கியிருந்த பழைய மதுரை ஜில்லாவில்தான் சிவகங்கை ஜமீனும் ராமநாதபுரம் ஜமீனும் இருந்தன. சிவகங்கை ஜமீன்தார் 1829இல் இறந்தார். வாரிசு யார் என்ற வழக்கு கீழ்க் கோர்ட், மேல் கோர்ட் என்று சுற்றி லண்டன் வரை போய், அவருடைய மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது 1863இல். முப்பத்து நான்கு ஆண்டு! அதன்பின் ஐந்தாம் ஆண்டில் ராமநாதபுரம் வழக்கிலும் தீர்ப்பு லண்டனிலிருந்தே வந்தது: கணவனை இழந்த பெண் உறவினர் சம்மதத்தோடு பிள்ளை சுவீகாரம் எடுக்கலாம் என்று. இந்து சட்டம் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் இந்த இரண்டு வழக்குகளையும் படித்தாக வேண்டும். ஆனால் அதைப் படிக்கும்போது கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. லண்டன் வரை போனவர்கள் ஜமீன்தார்கள். மதுரை ஜில்லாவின் ஒரு குடியானவர், அதுவும் மேல்மலைக் குடியானவர், தன் ஐந்து குழி நிலத்துக்காக அங்கே போனதாக எந்தச் சட்டப் புத்தகமும் பெருமையாகச் சொல்வதில்லை. தூரம் என்பது வெறும் அசௌகரியம் இல்லை; யாருடைய வழக்கு சட்டமாகும், யாருடையது ஆகாது என்பதையே அது பிரித்துவிடுகிறது.

1949இல் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு ஒழிந்தது. 1950 ஜனவரியில் டெல்லியில் உச்ச நீதிமன்றம் தொடங்கியது. முதலில் அதற்குச் சொந்த வீடு இல்லை. நாடாளுமன்றக் கட்டிடத்தில் சமஸ்தான மன்னர்களுக்கென்று இருந்த மண்டபத்தில் எட்டு ஆண்டுகள் குடியிருந்தது. 1954இல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டி, 1958இல் திலக் மார்க் கட்டிடம் திறந்தது. வடிவமைத்தவர் கணேஷ் பிகாஜி தேவ்லாலிகர். பறவைக் கண்ணால் பார்த்தால் அது ஒரு தராசு: நடுவில் கும்மட்டம் தராசின் நடுத்தண்டு, இரண்டு பக்கத்து இறக்கைகள் தட்டுகள். சுதந்திர இந்தியா தன் நீதிக்குத் தேர்ந்த உருவம் அது. உருவகம் நன்று. ஆனால் ஒரு விஷயம். தலைமை நீதிபதி உட்பட எட்டுப் பேரோடு தொடங்கிய நீதிமன்றத்தில் 2019இல் நீதிபதிகளின் எண்ணிக்கை 34 ஆனது. தட்டுகளின் மேல் புது இறக்கைகள் ஏறின. 1979இல், பின்பு மறுபடியும் என்று விரிந்து, 2019இல் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பெரிய கூடுதல் வளாகமே எழுந்து, இரண்டையும் சுரங்க நடைபாதையால் இணைக்க வேண்டி வந்தது. தராசு இன்று தரைப்படத்தில்தான் தெரிகிறது. அரசியல் சட்டத்தின் 130ஆம் பிரிவு என்ன சொல்கிறது? உச்ச நீதிமன்றம் டெல்லியில் அமரும். அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடத்திலும் இடங்களிலும் அமரலாம். சட்டம் வாசலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2009இல் சட்ட ஆணையம் தன் 229ஆவது அறிக்கையில், அரசியல் சட்ட அமர்வு டெல்லியிலேயே இருக்கட்டும், மேல்முறையீடுகளுக்குத் தெற்கில் ஒன்று உட்பட நான்கு அமர்வுகள் வரட்டும் என்று பரிந்துரைத்தது. நீதிபதிகளின் முழு அமர்வு இந்த யோசனையைப் பல முறை ஏற்க மறுத்திருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்து உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் மேல்முறையீட்டுக்குப் போகும் விகிதம் எட்டத்து நீதிமன்றங்களைவிட மிக அதிகம் என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழர்கள் வழக்காடும் ஆசை குறைந்தவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. நம் ஊர்க் கோர்ட் வராந்தாவை ஒரு திங்கட்கிழமை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஒரே வாசல் கட்டிடத்துக்கு என்ன செய்கிறது என்பதைச் சென்னையிலேயே பார்க்கலாம். இன்று அந்த உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீதிபதிகள் 75 பேர். மதுரைக்கு ஒரு பங்கு போன பிறகும் சென்னை வளாகம் திணறுகிறது. பக்கத்திலேயே அதே பாணியில் நிற்கும் சட்டக் கல்லூரியை 2018இல் நகருக்கு வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பாரம்பரியக் கட்டிடத்தையும் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய கல்லூரி வளாகத்தில் ஒரு சின்னக் கல்லறை மண்டபம் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த கவர்னர் எலிஹு யேல், குழந்தையிலேயே இறந்த தன் மகன் டேவிட்டையும், தன் மனைவியின் முதல் கணவர் ஹின்மரையும் 1680களில் அடக்கம் செய்த இடம். தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. வாகனம் நிறுத்த அடுக்குமாடி வேண்டும், கல்லறை குறுக்கே நிற்கிறது என்று வழக்கு வந்தது. 2023இல் தனி நீதிபதி ஒருவர் அதை வேறிடத்துக்கு மாற்ற உத்தரவிட்டார். கம்பெனிக் கவர்னரின் குடும்பக் கல்லறைக்காக நாம் கண்ணீர் விட வேண்டுமா என்பது தனி விவாதம். யேலுடைய பெயர் சென்னை வரலாற்றில் அவ்வளவு தூய்மையானதும் இல்லை. நான் சுட்ட வருவது காரணத்தை. முந்நூறு ஆண்டுக் கல்லறையை அசைக்கப் பார்த்தது பகைவரின் பீரங்கி இல்லை, கார். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டபோது குண்டு ஒன்று இந்த வளாகத்தில் விழுந்தது. அந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கப்பல் தமிழுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது, கட்டிடத்துக்குப் பெரிய சேதம் செய்யவில்லை. எம்டனால் ஆகாததை நெரிசல் செய்துகொண்டிருக்கிறது.

வாசல் என்று நான் சொல்வது உவமை மட்டும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வளாகத்தின் எல்லா வாயில்களையும் ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு சனிக்கிழமை இரவிலிருந்து ஞாயிறு இரவு வரை பூட்டி வைப்பார்கள். பொதுமக்கள் குறுக்கு வழியாக நடந்து பழகிவிட்டால் நாளைக்கு இது எங்கள் நடைபாதை உரிமை என்று வழக்குப் போட்டுவிடக்கூடும் என்ற சட்ட முன்னெச்சரிக்கை. ஆண்டில் மற்ற நாளெல்லாம் ஜார்ஜ் டவுன் சனங்கள் சர்வ சாதாரணமாக உள்ளே புகுந்து வெளியே வந்தார்கள் என்பதற்கும் அதுவே சாட்சி. 2015இல் மத்திய தொழிற்பாதுகாப்புப் படை காவலுக்கு வந்தபின், மற்ற நாட்களிலும் சீட்டுக் காட்டித்தான் நுழைய வேண்டும் என்றாயிற்று. பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2009 பிப்ரவரியில் அதே வளாகத்துக்குள் போலீசும் வக்கீல்களும் மோதிக்கொண்டதை நாடே பார்த்தது. ஆனால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் குவியும் ஏற்பாட்டில், கூட்டம் பெருகப் பெருகக் கதவு குறுகும். கட்டிடக் கலைஞர் வைத்த வளைவுகள் எத்தனை இருந்தும் என்ன, மெட்டல் டிடெக்டர் வைத்த வளைவுதான் வாசல்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது: நெரிசல்தான் பிரச்சினை என்றால் மொத்தமாகப் புதிய உயரக் கட்டிடத்துக்கு மாறிவிட்டு, பழையதை அருங்காட்சியகமாக்கலாமே? சிங்கப்பூர் அப்படித்தான் செய்தது. 1939இல் கட்டிய பழைய உச்ச நீதிமன்றத்தை விட்டு 2005இல் நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் வடிவமைத்த கண்ணாடிக் கட்டிடத்துக்குப் போனது. பழையது 2015இல் தேசியக் கலைக்கூடமாகத் திறந்தது. கைதிகளை அடைத்து வைத்த அறைகள்கூட அங்கே பார்வைக்கு உண்டு. கோலாலம்பூரில் சுல்தான் அப்துல் சமத் கட்டிடத்தில் இருந்த மேல் நீதிமன்றங்கள் புத்ராஜெயாவுக்குப் போய்விட்டன. சிறிய நாட்டுக்கு, கையில் பணமுள்ள நாட்டுக்கு, இது ஒத்துவரும். நம் ஊர் அனுபவம் வேறு. உயர் நீதிமன்றம் முதல் முப்பது ஆண்டு குடியிருந்த பெண்டிங்க் கட்டிடம் என்ன ஆயிற்று? நீதிமன்றம் போனது, கலெக்டர் ஆபீஸ் வந்தது, கட்டிடம் தேய்ந்தது, கடைசியில் இடித்துவிட்டு அதே இடத்தில் சிங்காரவேலர் மாளிகை என்ற அடுக்குமாடியை எழுப்பினார்கள். இன்று அங்கே நிற்பவரிடம், சென்னை உயர் நீதிமன்றம் பிறந்த வீடு இதுதான் என்று சொன்னால் நம்ப மாட்டார். நம் நாட்டில் பழைய கட்டிடத்தைக் காப்பது பட்டியலும் பலகையும் இல்லை. அதில் நடக்கிற வேலை. கோர்ட் நடக்கும் வரை கூரை ஒழுகினால் ஒரு நீதிபதியாவது கடிதம் எழுதுவார். கொழும்பிலே தமிழர்கள் புதுக்கடை என்கிற இடம், 1656 முற்றுகையில் மாண்ட டச்சுத் தளபதி ஹுல்ஃப்ட் பெயரால் ஹுல்ஃப்ட்ஸ்டார்ப் ஆனது. ஆட்சிகள் மாறியும் அங்கே இன்றுவரை கோர்ட் நடக்கிறது. புதுக்கடை என்றாலே கொழும்புக்காரருக்குக் கோர்ட்தான். ஆகவே பழைய கட்டிடத்தில் நீதிமன்றம் தொடர வேண்டும், ஆனால் அது தாங்கும் அளவுக்கு.

இரண்டாவது எதிர்வாதம் இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது: கொரோனா காலத்திலிருந்து இணையவழி விசாரணை வந்துவிட்டது, இனிக் கட்டிடம் எதற்கு, கிளை எதற்கு, போளூர்க்காரர் கைபேசியிலேயே டெல்லியைப் பார்க்கலாமே? பார்க்கலாம்தான்; 2022 செப்டம்பரிலிருந்து அரசியல் சட்ட அமர்வுகளை உச்ச நீதிமன்றம் நேரலையாகவே காட்டுகிறது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் மேல்மலையில் மழைக்காலத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று இங்கே யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம், நானும் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அதைவிட ஆழமான தடை ஒன்று இருக்கிறது. கைபேசியில் வாதாடப் போகிறவர் கட்சிக்காரர் இல்லை, வக்கீல். அந்த வக்கீல் எங்கே இருக்கிறார்? நீதிமன்றம் அமர்கிற ஊரில்தான் வக்கீல்கள் வளர்கிறார்கள், சட்டப் புத்தகக் கடைகள் வருகின்றன, குமாஸ்தாக்கள் உருவாகிறார்கள். மதுரையில் கிளை வந்தபின் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் சென்னைக்குப் போகாமலே உயர் நீதிமன்ற வக்கீலானார்கள். கண்ணாடித் திரை அதைச் செய்யாது. சிவில் நடைமுறைச் சட்டமும் குற்றவியல் நடைமுறையும் விசாரணை நடக்கும் இடம் பொதுமக்கள் நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்கின்றன. இடம் என்றுதான் சட்டம் நினைக்கிறது.

மூன்றாவதாக, இந்த அளவு கோர்ட்டே வேண்டாம், ஊர் மந்தையில் பேசித் தீர்க்கும் பழைய வழக்கம் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் முறை, மேய்ச்சல் போன்றவற்றில் அது நன்றாகவே நடக்கும். ஆனால் சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்களையும், ஊரை எதிர்த்துப் பேசிய பெண்ணையும் அந்த மந்தை எப்படி நடத்தியது என்பதை மறக்க வேண்டாம். மதுரைப் பக்கத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று கண்டித்தது. பலமில்லாதவருக்கு ஊருக்கு வெளியே ஒரு நீதிபதி தேவை. அந்த நீதிபதி போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது எதிர்வாதம்தான் கனமானது, நீதிபதிகளே சொல்வது. அமர்வுகள் பல இடத்தில் பிரிந்தால் நீதிமன்றத்தின் ஒருமை குலையும், ஒரே சட்டத்துக்கு ஊருக்கு ஒரு பொருள் வரும், தலைநகரத்து மன்றத்தின் மதிப்புக் குறையும் என்கிறார்கள். இதற்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்கு ஒரு கிளை வேண்டும் என்று நீதிபதி ஜஸ்வந்த் சிங் ஆணையம் 1985இலேயே சொன்னது. வக்கீல்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2004 ஜூலை 24 அன்று, நம் திண்டுக்கல் உட்பட பதின்மூன்று மாவட்டங்களுக்காக அது திறந்தது. இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே அமரும் நீதிபதிகள் சுழற்சியில் சென்னையிலும் அமர்கிறார்கள். இரண்டு அமர்வுகள் முரண்பட்டால் பெரிய அமர்வு தீர்க்கிறது. ஒரே கூரையின் கீழும் அமர்வுகள் முரண்படத்தான் செய்கின்றன. பம்பாய் உயர் நீதிமன்றம் நாக்பூர், அவுரங்காபாத், கோவா என்று அமர்கிறது. 2025இல் கோல்ஹாப்பூரும் சேர்ந்தது. பம்பாய் மதிப்பிழந்ததாக யாரும் சொல்லவில்லை. இன்னும் முன்னே போனால், 1942இல் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் சென்னை காலியானபோது உயர் நீதிமன்றம் கோயம்புத்தூரில் அமர்ந்தது. செங்கல் கும்மட்டம் சென்னையில், நீதி கோயம்புத்தூரில். அந்த நாட்களின் தீர்ப்புகளை இன்றும் வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். எந்த ஊரில் உட்கார்ந்து எழுதியது என்று யாரும் கேட்பதில்லை. மதுரைக் கிளையில் எனக்கும் ஒரு குறை உண்டு. அது அமைந்த இடத்தின் பெயர் உலகனேரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது. நீர்நிலைகளைக் காக்கச் சொல்லி எத்தனையோ உத்தரவு போடும் மன்றத்துக்கு அது கொஞ்சம் சங்கடமான முகவரி. இனி வரும் கட்டிடங்களுக்கு இடம் பார்ப்பவர்கள் அதையும் நினைக்கட்டும்.

இந்த மலையின் விதி அந்தத் தூரத்துக் கட்டிடங்களில் எவ்வளவு தீர்மானமாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கொடைக்கானலில் கட்டிட விதியை மீறி எழுந்த ஓட்டல் மாடிகளைப் பழனி மலைப் பாதுகாப்புக்கான அமைப்பு ஒன்று எதிர்த்த பிளசன்ட் ஸ்டே வழக்கு சென்னையில் வென்று, 1995இல் டெல்லியிலும் வென்றது. 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் உடல் கெட்டதாகச் சொன்ன தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 591 பேருக்கு 2016இல் ஒப்பந்தம் ஆனது. பத்து ஆண்டு. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதும் சென்னை நீதிபதிகளின் உத்தரவுதான். மலையில் மாடி எழலாமா, மண்ணில் விஷம் இருக்கிறதா, சாலையில் எத்தனை கார் வரலாம் என்பதெல்லாம் அங்கே முடிவாகிறது. முடிவு வந்து சேர்வது ஆங்கிலத்தில். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் நீதிமன்றங்களுக்கு இந்தி அனுமதி கிடைத்தது போல் நமக்குக் கிடைக்கவில்லை. ஊர் பக்கத்தில் வாசல் வந்தாலும், உள்ளே பேசுவது புரியாவிட்டால் அது பாதி வாசல். அது இன்னொரு நாள் பேச்சு.

வாசல்கள் பெருகினால் பழைய கட்டிடத்தின் பெருமை தேய்ந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு அந்த வளாகத்திலேயே ஒரு பதில் நிற்கிறது. 1844இல் கப்பல்களுக்காகக் கட்டிய கருங்கல் விளக்குத் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. 1894இல் அதன் விளக்கை எடுத்து உயர் நீதிமன்றத்தின் பெரிய கும்மட்டத்தில் ஏற்றினார்கள். எண்பத்து மூன்று ஆண்டுகள் சென்னையின் கலங்கரை விளக்கம் கோர்ட்டின் தலையில் எரிந்தது. 1977இல் மெரினாவில் புதிய விளக்கு வந்ததும் அதையும் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து கும்மட்டத்தில் விளக்கு இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் மெரினா வெளிச்சத்தைப் பார்த்து வருகின்றன. பாரிமுனையில் இறங்குகிறவர்கள் இன்னும் அந்தக் கும்மட்டத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.